இரண்டு கோடு போட்ட பதினேழு

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் கேட்பதை அப்படியே கொடுக்கக் கூடாது என்பது அப்போது என் கொள்கை. 2003ஆம் வருடம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை திருச்சிக்குப் போய் சாமான் வாங்கி வருவேன், புதன்கிழமை மாட்டுவேன், வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பேன். குன்னம் பக்கம் வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருடம் என்றால், பையனுக்கு கம்ப்யூட்டர் வாங்க அப்பாக்கள் வரிசையாக வருவார்கள். எல்லோருக்கும் வேண்டியது பென்டியம் ஃபோர். எதுக்குங்க என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "அதான் நல்லதாமே?" என்பார்கள். எனக்கு வருமே கோபம்!

என்ன வேலைக்கு என்று கேட்டு, அதற்குத் தேவையானதை நானே முடிவு செய்து மாட்டிக் கொடுப்பேன். "உத்திராபதிகிட்ட போனா திட்டுவான், ஆனா சாமான் சுத்தமா இருக்கும்" என்று ஊரில் ஒரு பேர். அந்தப் பேர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. கடை போட்ட நான்கு வருடத்தில், சாமான் சரியில்லை என்று ஒரு மெஷின் திரும்பி வந்தது கிடையாது. டீக்கடையில் யாராவது கேட்காவிட்டாலும் நானே சொல்லிக்கொள்வேன்.

அனுசுயா அக்கா அரியலூரிலிருந்து என் கடைக்கு வந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்திர ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதும் இளையபெருமாள் கடையில் டைப் அடிப்பவர். பத்தொன்பது வயதில், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கையோடு, வாடகை மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தாராம். அந்தத் தெருவில் டைப் அடிக்க உட்கார்ந்த முதல் பொம்பளை. கை வேகத்தைப் பார்க்கவே ஆள் நிற்குமாம். வீட்டுக்காரர் பருத்தி குடோனில் வாட்ச்மேன், மகள் பிரவீணா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சம்பாத்தியம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அக்காவின் பத்து விரல்தான். எல்லாக் கடையிலும் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்க ஆரம்பித்ததால், "நீயும் ஒண்ணு வாங்கிரும்மா, இல்லன்னா வேலை கைவிட்டுப் போயிரும்" என்று இளையபெருமாள் சொல்லிவிட்டார்.

அக்கா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பழைய பத்திர நகல் ஒன்றின் பின்பக்கம். கட்டைவிரல் தண்டிக்கு எழுத்து. நாலே வரிதான், ஆனால் முழுப் பக்கமும் நிரம்பியிருந்தது.

*மானிட்டர் 17 இஞ்சு.*
*மற்றது உங்கள் இஷ்டம்.*
*மொத்தம் இருபத்துநாலாயிரம்.*
*அதற்கு மேல் என்னிடம் இல்லை.*

பதினேழுக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு.

"என்னக்கா, சொவத்துல வெளம்பரம் எழுதுற மாதிரி எழுதிருக்கீங்க?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பிரின்டர் ஏற்கெனவே பழசாக ஒன்று வாங்கிவிட்டாராம். மற்றதையெல்லாம் இந்த இருபத்துநாலுக்குள் அடக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழு இஞ்சு மானிட்டரே பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றது. யூ.பி.எஸ். இல்லாமல் அரியலூர் கரண்டில் ஒரு பத்திரம்கூட முடிக்க முடியாது, அந்தச் செலவில் கை வைக்க முடியாது. மீதியில் மட்டமான பிராசசர், குறைந்த ராம், சின்ன ஹார்டு டிஸ்க். சி.டி. டிரைவ் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது.

"அக்கா, மொபட்டுக்கு லாரி ஹெட்லைட் மாட்டுற மாதிரி இருக்கு. மானிட்டருங்கறது வெறும் டி.வி. பொட்டிக்கா. வேலை செய்யிறது உள்ள இருக்கிறது. பதினஞ்சு போட்டா போதும், மிச்சத்துல ராமை ரெண்டு பங்காக்கிரலாம்."

"இல்ல தம்பி, பெருசாவே போட்டுரு."

"அக்கம்பக்கத்துக் கடையில பெருசா இருக்குன்னு பாத்தீங்களா?"

அவர் பதினேழுக்கு அடியில் இருந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார். ஜம்பத்துக்குக் கேட்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஸ்கிரீனுக்கு மேலே மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று அப்போது எல்லோரும் வாங்குவார்கள், கண்ணுக்கு நல்லது என்று. "அது மட்டும் வேணாம் தம்பி, இருட்டடிக்கும்" என்றார். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

செவ்வாய்க்கிழமை திருச்சியில் கடைக்காரர் பதினேழு இஞ்சைத் தூக்கி மேசைமேல் வைத்தார். கையில் பணம் இருந்தது, வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பதினைந்து வாங்கினேன். மிச்சத்துக்கு நல்ல பிராசசர், இரண்டு பங்கு ராம், ஒரு சி.டி. டிரைவ். ஒரு ரூபாய் நான் எடுத்துக்கொள்ளவில்லை, அது சத்தியம். பத்திரம் அடிக்கிற பெண்ணுக்கு அவர் அறியாமலே நல்லது செய்துவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது மனசு அவ்வளவு குளிர்ந்து கிடந்தது.

வியாழக்கிழமை மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடிக் குழியான ரோடு, ஒவ்வொரு குழிக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இளையபெருமாள் கடையில் வைத்து எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டேன். இளையபெருமாள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மானிட்டரைப் பார்த்தார். ஸ்கிரீனைச் சாணால் அளந்தார்.

"இது பதினேழா தம்பி?"

"பதினஞ்சுக்கா. பதினேழு தெண்டம். அதுக்குப் பதிலா உள்ள என்னென்ன போட்டிருக்கேன் பாருங்க, பறக்கும்!"

அக்கா இளையபெருமாளை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சரி தம்பி. நீ தெரிஞ்சவன்."

அந்த 'சரி'யை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து கடைக்கு போன். அனுசுயா அக்காதான். "தம்பி, எழுத்து பெருசாத் தெரியிற மாதிரி எதாச்சும் பண்ண முடியுமா? மெஷின் வூட்டுலதான் இருக்கு, இங்க வந்துரு." வீட்டில் ஏன் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பகல் பதினொரு மணி. பத்திர ஆபீஸ் தெருவில் மூச்சுவிட நேரமில்லாத நேரம் அது. அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷினைப் போட்டுக் காட்டினார். எழுத்தை இரண்டு பங்கு பெரிதாக்கி வைத்திருந்தார். அதனால் ஒரு வரியில் பாதிதான் ஸ்கிரீனில் இருந்தது. பாதியைப் படித்து, மவுசால் நகர்த்தி, மறு பாதியைப் படித்தார். மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற தூரம்.

"அக்கா... கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

"சத்தம் போடாத" என்றார். எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கண்ணுக்குள்ளேயே ஏதோ தேய்ந்துகொண்டு வருகிறதாம். திருச்சியில் பார்த்த கண் டாக்டர், இனி கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை, எதையும் பெரிய எழுத்தாக வைத்துப் படித்தால் பல வருடம் ஓட்டலாம் என்று சொன்னாராம். அடிக்கிற விரலுக்குக் கண் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும். அடித்ததைச் சரிபார்க்கத்தான் கண் வேண்டும். தாளாக இருந்தால் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவார். மானிட்டரைத் தூக்கிப் பிடிக்க முடியுமா? பெரிய எழுத்தில் முழு வரியும் தெரிய வேண்டும் என்றால் பதினேழாவது வேண்டும் என்று கணக்குப் போட்டு, அரைப் பவுன் தோட்டையும் அடகு வைத்துத்தான் அந்தப் பணத்தைத் திரட்டியிருக்கிறார்.

"அன்னிக்கே சொல்லிருக்கலாமேக்கா!"

"நீ மாட்டுறப்ப இளையபெருமாளு பக்கத்துல நிக்கிறாரு. எப்பிடிச் சொல்றது? கண்ணு தெரியாத டைப்பிஸ்டுகிட்ட எவன் பத்திரம் குடுப்பான்?"

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரில் பத்திரத்தை யாரும் முதலிலிருந்து அடிப்பதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பேரை மாற்றி, நம்பரை மாற்றி, வேறு பேரில் சேமித்துக்கொள்வார்கள். திருமானூர் பக்கம் ஒரே ஆள் அடுத்தடுத்த இரண்டு நிலத்தை இரண்டு பேருக்கு விற்றான். முதல் பத்திரத்தில் சர்வே நம்பர் 147/8. இரண்டாவதில் 147/3 ஆக மாற்ற வேண்டும். வரி முழுதும் தெரிய வேண்டுமே என்று கடையில் எழுத்தைச் சின்னதாகவே வைத்திருந்த அக்கா, திறந்து பார்த்தபோது அந்த எட்டு மூன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே மாற்றிவிட்டோம் போல என்று விட்டுவிட்டார். பிரின்டரில் ரிப்பன் மங்கல், தாளிலும் தெரியவில்லை.

இரண்டாவது நிலத்தை வாங்கிய ஆண்டவர் என்பவர் பட்டா மாற்றப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. காசு கொடுத்தது ஒரு நிலத்துக்கு, பத்திரத்தில் இருப்பது அடுத்தவன் நிலம். விற்றவன் அதற்குள் திருப்பூருக்குப் போய்விட்டான். அவனைக் கூட்டிவந்து, பிழைத்திருத்தப் பத்திரம் போட்டு, எல்லாச் செலவையும் அக்காவே ஏற்றுக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தப்பு. ஆண்டவர் கடை வாசலில் நின்று, "அடுத்தவன் நெலத்த எனக்கு எழுதிட்டாளே!" என்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டதாம். மறுநாளே இளையபெருமாள் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்த வேலைக்கு என்று ஊரையே கேட்கிற நான், இந்த ஒருத்தரிடம் கேட்கவில்லையே. பத்திரம் அடிக்க என்று எனக்கே தெரிந்த மாதிரி இருந்துவிட்டேன். கடைக்குத் திரும்பியதும் மேசை டிராயரைக் கிண்டினேன். தாள் கிடைத்தது. கட்டைவிரல் தண்டிக்கு எழுத்து. கண் தெரியவில்லை என்று அந்த அக்கா என்னிடம் இதைவிட எப்படித்தான் சொல்ல முடியும்? நான்தான் சிரித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் காசில் பதினேழு வாங்கி, மறுநாளே கொண்டுபோய் மாட்டினேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மவுசைத் தொடாமல் படித்தார். படித்துவிட்டு, "மெஷின் சரியாயிருச்சு தம்பி. பேரு சரியாகலையே" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன், அழவில்லை.

அங்கிருந்து நேரே இளையபெருமாள் கடைக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அக்காவின் கண்ணைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கை தப்புச் செய்த கையாகவே இருந்துவிடும். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கம்ப்யூட்டர் சொல்லி வைத்திருந்தவர்கள்.

"அய்யா, அந்த 147/8 தப்பு அனுசுயாக்கா தப்பு இல்லைங்க. நான் போட்ட சாமான் சரியில்ல. அந்த மானிட்டர்ல எட்டும் மூணும் ஒண்ணாத்தான் தெரியும். அவங்க நல்லதா பதினேழு கேட்டாங்க. அவங்கள கேக்காம நான் சின்னத மாட்டிட்டேன். இப்ப மாத்திட்டு வந்திருக்கேன்."

இளையபெருமாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அடப் படுபாவி! ஒரு பொம்பள பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே! நானும் அவளப் போயி... சே! அவ கை தப்புப் பண்ணாதுன்னு எனக்குத் தோணாமப் போச்சே!"

இன்னும் என்னென்னவோ திட்டினார். நான் ஒருவரை எதிர்த்துப் பேசாமல் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. சொல்லி வைத்திருந்த இருவரில் ஒருவர் அங்கேயே, "எனக்கு வேணாம்ப்பா" என்றார். இன்னொருவர் அதைக்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் அரியலூரிலிருந்து என் கடைக்கு ஓர் ஆள் வரவில்லை. டீக்கடையில் நான்கு வருடப் பெருமையைப் பேசுவதையும் விட்டுவிட்டேன்.

நான் திட்டு வாங்கிய அந்த வாரமே அக்காவின் மெஷின் இளையபெருமாள் கடைக்குத் திரும்பியது. யூ.பி.எஸ்.ஸில் ஏதோ சத்தம் என்று கூப்பிட்டார், போனேன். இளையபெருமாள் சாப்பிடப் போயிருந்தார். அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்காக இத்தன பேருக்கு முன்னால பொய் சொல்லிட்டு வந்திருக்கியே தம்பி. ஒன் பேரு என்னத்துக்கு ஆவுறது?"

"நீங்க பதினேழு கேட்டீங்க, நான் பதினஞ்சு மாட்டுனேன். அதுல எட்டும் மூணும் ஒண்ணாத் தெரிஞ்சுது. இதுல எந்த வார்த்தைக்கா பொய்?"

அவர் விரல் நின்றது. நான் சொன்னதை ஒரு பத்திரத்தைச் சரிபார்க்கிற மாதிரி வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லதான்" என்றார்.