இருசம்மாள் திட்டிய பீமராவ்

பீமராவ் ஸ்ரீரங்கத்துக்காரர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவர். ஆளின் பேரைக் கேட்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. "மாம்பழச்சாலை, இறங்குங்க! ஏங்க அம்மா மண்டபம், படியில நிக்காதீங்க, உள்ள போங்க!" என்று இறங்கும் இடத்தையே பேராக வைத்துக் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பேர் இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தியது. அதுவும் அவருடைய சொந்தப் பேர்.

ரிட்டயர் ஆன கையோடு மூச்சிளைப்பு வந்தது. புகையில்லாத இடமாகப் பாருங்கள் என்றார் டாக்டர். துறையூர் தாண்டி, பச்சைமலை மேல் பதினெட்டு வீடுள்ள ஓர் ஊரில் வாடகைக்கு வீடு பிடித்தார் பீமராவ். மனைவி ருக்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அவள் உடனே கூட வரவும் முடியவில்லை.

"ரெண்டு மாசம் இருந்து பாருங்க. நான் வந்து பார்ப்பேன். மூச்சு முட்டினா ஓடி வர அக்கம்பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். இல்லேன்னா அன்னிக்கு பஸ்ஸுலயே நீங்களும் கிளம்பணும்" என்று சொல்லி அனுப்பினாள். சொன்னால் செய்கிறவள் ருக்மா.

மலைக்காற்றோ அவருக்கு அமிர்தமாக ஒத்துக்கொண்டது. முதல் வாரத்திலேயே நெஞ்சு லேசாகிவிட்டது; விடிகாலை இருமல் மட்டும்தான் மிச்சம். இனி ஸ்ரீரங்கம் திரும்புவதில்லை என்று மனசுக்குள் டபுள் விசில் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த அக்கம்பக்கத்து ஆள்?

வந்த அன்றைக்கே ஒரு கூத்து நடந்திருந்தது. படுக்கையை உதறினால், உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி குதித்தது. டெம்போவில் ஏற்றும்போது ஸ்ரீரங்கத்திலேயே ஏறிக்கொண்டிருக்க வேண்டும். கண்டக்டருக்கே டிக்கெட் இல்லாப் பயணம்! பூனை முடி பட்டதும் அவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மருதை பால் கொண்டுவந்தார். குட்டியை அவர் கையில் திணித்து, "நீங்களே வச்சுக்கங்க சாமி" என்றார் பீமராவ்.

மருதை பேச்சுக்கு ரேஷன் கார்டு வைத்திருக்கிற ஆள். "உங்க பேரு?" என்று கேட்டார். "பீமராவ்" என்றதும் "சரிங்க" என்று குட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்கப்புறம் தினமும் விடிந்ததும் பால் வரும், அவர் வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வராது.

மருதையின் வீடு சரிவில், பலாமரங்களுக்குக் கீழே இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஓட்டு முனைகூடத் தெரியாது. ஆனால் மருதையின் மனைவி இருசம்மாளின் குரல் மட்டும் காற்றில் ஏறி நேராக பீமராவின் சமையல்கட்டுக்கு வந்துவிடும். நான்காம் நாள் அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பாதி வழி இறங்கினார்.

"அந்தப் பீமராவு வந்ததுலேருந்து வீட்டுல பால் தங்குதா? மூஞ்சியப் பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி!"

பீமராவ் அப்படியே நின்றார். தினமும் வாங்கும் அரை லிட்டருக்கா இந்தப் பேச்சு? திரும்பி வந்து அன்றைக்குக் காபியே குடிக்கவில்லை மனிதர். மறுநாள் மருதையிடம், "கால் லிட்டர் போதுங்க" என்றார். மருதை தலையை ஆட்டிவிட்டு அரை லிட்டரையே ஊற்றினார்.

அர்ச்சனை நிற்கவில்லை. "பீமராவு, தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கறியே, உடம்பு வணங்குதா?" என்று ஒரு நாள். மத்தியானம் படுத்திருந்த பீமராவ் அலறி எழுந்து உட்கார்ந்தார். இவளுக்கு எப்படித் தெரிகிறது? அடுத்த நாள் தேவையே இல்லாமல் வாசலைக் கொத்திச் செடி நட்டார். அந்த வீட்டில் அமிர்தம் என்று ஒரு பெண் இருப்பதும் குரலில்தான் தெரிந்தது. "அமிர்தம், வயித்துப் புள்ளையோட இப்படியா ஓடுவ?" என்று இருசம்மாள் பதறுவாள். பாவம், யார் பெற்ற பெண்ணோ என்று இவரும் பதறுவார்.

ருக்மா போனில் கேட்டபோது, வாய் சும்மா இருக்குமா? "கீழ்வீட்டுக்காரங்க நமக்கு உசிரு. அமிர்தம்னு ஒரு பொண்ணு, மாசமா இருக்கு. என்னை அப்பா மாதிரி நினைக்குது" என்று அளந்துவிட்டார்.

இரண்டு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ருக்மா வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. அதில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி, திரட்டுப்பால்.

"வாங்க, அமிர்தத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்."

"வெயில் தாழட்டுமே" என்றார் பீமராவ். மலையில் வெயிலே இல்லை. வேறு வழியில்லாமல் முன்னால் நடந்தார். பலாமரத்தை நெருங்கும்போது கணீரென்று வந்தது குரல்.

"பீமராவு! அடுப்புக்கிட்ட வராதேன்னு எத்தனை தடவை சொல்றது? விளக்குமாறு பிஞ்சிடும்!"

ருக்மா நின்றாள். "ஏங்க, அவங்க அடுப்புக்கிட்ட நீங்க எதுக்குப் போனீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த வீட்டு வாசலிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்று பாய்ந்து வந்து அவர் காலுக்கிடையில் புகுந்தது. பின்னாலேயே விளக்குமாறும் கையுமாக இருசம்மாள். "பீமராவு, நில்லுடா!"

இரண்டு பீமராவும் நின்றார்கள். பெரியவர் தும்மினார்.

"ஐயய்யோ, கண்டக்டர் ஐயாவா!" விளக்குமாறு முதுகுக்குப் பின்னால் போனது. விஷயம் புரிந்ததும் இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வெட்கத்தில் முகம் சிவந்தாள், மறுபடி சிரித்தாள். "யாரு கொடுக்கறாங்களோ அவங்க பேரைத்தாங்க வெப்போம். அப்பத்தான் அது வீட்டுல நிலைக்கும். கொடுத்தவங்களும் நம்ம ஜனமாயிடுவாங்க."

"அப்போ அமிர்தம்?" என்றாள் ருக்மா, வளையல் பையை இறுக்கிக்கொண்டு.

கொட்டகையில் கறவை மாட்டுக்குப் பக்கத்திலிருந்து நிறைமாதப் பசு ஒன்று எட்டிப் பார்த்தது. திருவெள்ளறை அமிர்தத்தம்மாள் கன்றாகக் கொடுத்ததாம்.

ருக்மா சிரிக்கவில்லை. மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்பா மாதிரி நினைக்குதா? ரெண்டு மாசமா இந்த வாசல்படியே மிதிக்கல நீங்க. மூச்சு முட்டினா மாடா வந்து பார்க்கும்? போய்ப் பெட்டியைக் கட்டுங்க."

பீமராவ் பெட்டி கட்ட மேட்டைப் பார்த்துத் திரும்பினார். போனில் சொன்னது முழுப் பொய்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த மருதை அப்போதுதான் நிமிர்ந்தார். "இருமல்" என்றார்.

"என்னங்க?" என்றாள் ருக்மா.

மருதைக்கு அதற்குமேல் வரவில்லை. இருசம்மாள்தான் சொன்னாள். "விடிஞ்சதும் ஐயா இருமற சத்தம் கீழ கேக்குங்க. அதைக் கேட்டப்புறம்தான் இவரு பால் கறக்கவே உக்காருவாரு. ஒருநாள் கேக்கல. செம்பைப் போட்டுட்டு மேல ஓடினாரு. ஐயா தோட்டத்துல செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாராம். பேசாம திரும்பி வந்துட்டாரு."

குரல் மேலே மட்டும்தான் ஏறுகிறது என்று நினைத்திருந்தார் பீமராவ். அது கீழேயும் இறங்கியிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர், பூனை முடி என்றார். யாரும் நம்பவில்லை.

ருக்மா கொட்டகைக்குள் போய் ரவிக்கைத் துணியை அமிர்தத்தின் கழுத்தில் கட்டினாள். வளையலை இருசம்மாள் கையில் போட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது அவள் தனியாகத்தான் ஏறினாள். படியில் நின்றபடி, மூச்சு முட்டினால் இழுக்கிற இன்ஹேலர் ஒன்றை இருசம்மாளிடம் கொடுத்து, "எங்க பீமராவைப் பார்த்துக்கங்க" என்றாள்.

"எந்தப் பீமராவைங்க?"

"ரெண்டையும்தான். பால் குடிக்கறதை விளக்குமாத்தால அடிங்க. பொய் சொல்றதையும்தான்."