இரண்டாவது பீரோ

துணிக்கடையில் ஆண்கள் சட்டைப் பிரிவில் நிற்கும் அவருக்கு ‘இன்னொண்ணு’ என்று பெயர் வைத்தவர்கள் கூட வேலை பார்ப்பவர்கள்தான். ஒரு சட்டை வாங்க வந்தவரை இரண்டு சட்டையோடு அனுப்பாவிட்டால் மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. “இன்னொண்ணு பாருங்க சார், வாங்க வேணாம், பாக்கறதுக்கு என்ன?” என்பார். பார்த்தவன் கெட்டான். சட்டையை ஓர் உதறு உதறி, காலரை நிமிர்த்தி, ஆளின் மார்பில் வைத்து, ஓரடி பின்னால் போய், தலையைச் சாய்த்து “ம்” என்பார். அந்த “ம்”முக்கு மயங்காதவர்கள் குறைவு.

மயங்கியவர்களில் முதல் ஆள் அவரேதான். விற்காமல் தேங்கிய சட்டைகள் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சல்லிசாகக் கிடைக்கும். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே விற்று, தானே வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். தேங்கிய சரக்கு எப்படி இருக்கும்? கிளிப்பச்சை, கத்தரிப்பூ, கண்ணைக் குத்துகிற கட்டம். எந்தப் பேண்ட்டோடும் ஒட்டாது, உறவாடாது. போட்டுக்கொண்டு போவதென்னவோ வெளுத்துப்போன அதே நாலைந்துதான். மற்றவை படுக்கையறை பீரோவை நிரப்பின. அது வழிந்ததும் முன்னறைக்கு இன்னொரு பீரோ வந்தது. வாசல் கதவு பாதிதான் திறக்கும், மீதிக்குப் பீரோ குறுக்கே நிற்கும்.

அவர் மனைவியைத் தெருவே டீச்சர் என்று கூப்பிடும். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். உள்ளே இடமில்லாததால் வகுப்பு வெளியே மாடிப்படியில் நடந்தது. படிக்கு ஒரு பிள்ளை, கைப்பிடிச் சுவரில் சாய்த்த ஒரு கரும்பலகை, கீழ்ப்படியில் டீச்சர். மழை வந்தால் வகுப்பு கலைந்துவிடும். கணவர் கடையிலிருந்து திரும்புவதற்குள் பிள்ளைகள் போய்விடுவார்கள், ஆகையால் அவருக்கு இதெல்லாம் காதில் விழுந்த சங்கதி மட்டுமே.

மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் ஒருநாள் யாரோ வைத்த ஸ்கூல் பையில் கால் தடுக்கி, நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு புள்ள கைய மிதிச்சுட்டா யாரும்மா பொறுப்பு? திங்கக்கிழமையிலேருந்து படியில யாரும் உக்காரக் கூடாது. உள்ள வச்சு நடத்துங்க” என்றார். அதற்குள் இரண்டு அம்மாக்கள் அடுத்த தெரு டியூஷனை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் கணவரிடம் இதைச் சத்தமே போடாமல் சொன்னார். அவர் சத்தம் போடாதபோதுதான் பயப்பட வேண்டும்.

“முன்னறை பீரோ போகணும். ஞாயித்துக்கிழமை தம்பி வண்டி எடுத்துட்டு வர்றான்.”

“உள்ள இருக்கிற துணி?”

“அதுவும் போகணும். அந்த ரூம்ல இருக்கறதையும் சேத்துக் கலைச்சு, ஆறு சட்டை, மூணு பேண்ட் வச்சுக்குங்க. எந்தச் சட்டைய எந்தப் பேண்ட்டோட போட்டாலும் சேரணும். கடைக்கும் அதான், கல்யாணத்துக்கும் அதான். போகலேன்னா சொல்லுங்க, நாளைக்கே பிள்ளைங்கள வேற டியூஷனுக்கு அனுப்பிடறேன்.”

“இவ்வளவுதானே! துணியப் பத்தி எனக்கே பாடமா?” என்று சிரித்தார் அவர். ஆழம் தெரியாமல் காலை விட்டார்.

ஞாயிறு காலை முதல் சட்டையைக் கையில் எடுத்தார். கழிக்கத்தான் எடுத்தார். ஆனால் கை உதறிவிட்டது, காலர் நிமிர்ந்துவிட்டது, வாய் திறந்துவிட்டது. “பாரும்மா, இந்தக் கிளிப்பச்ச சாதாரண பச்ச இல்ல. வெயில்ல ஒரு மாதிரி, நிழல்ல ஒரு மாதிரி. தையலப் பாரு, ஒரு நூல் பிரியாது.” அது வைத்துக்கொள்ளும் பக்கம் போயிற்று. அடுத்த சட்டைக்கும் அதே கதை. வேண்டாம் என்று துணியைத் தள்ளுவது எதிர்ப்பக்கம் நிற்கிற ஆள் செய்கிற வேலை. மேசைக்கு இந்தப்பக்கமே வாழ்ந்த மனிதருக்கு அது வரவில்லை. கத்தரிப்பூச் சட்டைக்கு வந்தபோது டீச்சரே, “அது நல்லாத்தான் இருக்கு, இல்ல?” என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டார். கழித்த பக்கத்தில் ஒரு கிழிந்த கைக்குட்டை மட்டும் கிடந்தது.

“நீங்க வாயத் திறக்கக் கூடாது” என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டீச்சர் களத்தில் இறங்கினார். வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல், மெல்லிய கோடு என்று ஆறு சட்டை. கருநீலம், சாம்பல், காப்பிக்கொட்டை நிறம் என்று மூன்று பேண்ட். கண்மூடித் திறப்பதற்குள் தேறிவிட்டது. அவற்றை இன்னொரு நாற்காலியில் அடுக்கினார். மீதி தரையில் மலையாகக் குவிந்தது. ஆனால் டீச்சர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பினால் மலை குறைந்திருக்கும், பீரோவுக்குள் கிளிப்பச்சை எட்டிப் பார்க்கும். இதற்கு நாய் வாலை நிமிர்த்திவிடலாம்.

அப்போதுதான் டீச்சரின் தம்பி வண்டியோடு வந்தான். உள்ளே வந்தவன், “என்ன மாமா, வீட்லயே கடை போட்டுட்டீங்களா?” என்று விளையாட்டுக்குக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. மாமா எழுந்துவிட்டார்.

“மச்சான், இப்படி வெளிச்சத்துக்கு வா. உன் நிறத்துக்கு இந்தக் கத்தரிப்பூதான்யா.” மார்பில் வைத்தார். பின்னால் போனார். “ம்.”

மச்சான் அதைப் போட்டுக்கொண்டே பீரோவைப் பிடிக்க வந்தான். இன்னும் நாலு அவன் தோளில் தொங்கின. டீச்சருக்குப் பளிச்சென்று விளங்கியது. இந்த மனிதருக்குக் கழிக்கத்தான் வராது, அடுத்தவர் தலையில் கட்ட வரும். நேராக வாசலுக்குப் போய், எதிர்வீட்டு முடிதிருத்துபவர், பேப்பர் போடுகிறவர், மூலைக் கடை மெக்கானிக் என்று கண்ணில் பட்ட எல்லாரையும் கூப்பிட்டார். “சும்மா வந்து பாருங்க, காசெல்லாம் வேணாம்.”

அப்புறம் அந்த முன்னறையில் நடந்ததைக் கடை முதலாளி பார்த்திருந்தால் சம்பளம் கூட்டியிருப்பார். மெக்கானிக்குக்கு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டையைத் தள்ளிவிட்டார் என்றால் பாருங்கள்! மலை கரைந்தது, அவர் தினம் போடும் வெளுத்த நாலைந்தும் அதோடு போயின. டீச்சர் பெருமையோடு அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டார். அங்கேதான் தவறினார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். திட்டத்தான் வந்தார். தரையில் மிஞ்சிக் கிடந்த கிழிந்த கைக்குட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு, நாற்காலியைப் பார்த்தார். “அது என்ன?”

“சாருக்கு நல்ல கண்ணு!” என்றது இவர் வாய். “கடையில இப்படி ஒரு செட்டு கிடைக்காது சார். எதுக்கு எதப் போட்டாலும் சேரும். காலையில எழுந்து யோசிக்கவே வேணாம். உங்களுக்கும் எனக்கும் ஒரே அளவுதான்.”

வீட்டுக்காரர் ஆறு சட்டையையும் மூன்று பேண்ட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினார். போகிறபோது சிரித்தார்கூட. டீ கொண்டுவந்த டீச்சர், காலி நாற்காலியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். அவரும் அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தார்.

“போட்டிருக்கிறது இருக்கே” என்றார் மெதுவாக.

டீச்சர் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டு பீரோவும் காலி. ஒன்றை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

போட்டிருந்ததை ராத்திரி துவைத்து, மறுநாள் பாதி ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனார். கடையில் தும்மல் ஓயவில்லை. ஒரு வாடிக்கையாளரின் மேலேயே தும்மிய பிறகு, “சட்டைக்காரனுக்கே போட்டுக்கச் சட்ட இல்லையாய்யா? வீட்டுக்குப் போ!” என்று முதலாளி மத்தியானமே ஒரு சட்டையும் கொடுத்துத் துரத்திவிட்டார். வழியில் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, வீடு சேரும்போது சாயங்காலம்.

வாசல் கதவு முழுசாகத் திறந்திருந்தது. கால் வைக்க இடமில்லை. முன்னறை முழுக்கப் பிள்ளைகள், சுவரோரம் வரைக்கும். நாலைந்து பேர் வருவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இத்தனை பேரா படியில் உட்கார்ந்தார்கள்? பீரோ நின்ற இடத்தில், சுவரில் மாட்டிய கரும்பலகைக்கு முன்னால் டீச்சர் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருச் சத்தத்தோடு போட்டி போடத் தேவையில்லாத குரல். அந்தக் குரல் இவ்வளவு மெதுவானது என்று அவருக்குத் தெரியாது. ஒரு பெண் தப்பாகச் சொன்னதற்குக்கூட, “அப்படியா? சரி, அதுவும் பாக்கலாம்” என்று அவள் வழியிலேயே போய்ச் சரியான விடைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வெயிலிலும் காற்றிலும் இவள் வெளியே உட்கார்ந்திருந்தாள், யாரும் போடாத சட்டைகள் வீட்டுக்குள்ளே நிழலில் தொங்கின. ஒருநாளாவது இவள் அதைச் சொல்லிக் காட்டினாளா? வெட்கமாக இருந்தது.

டீச்சர் அவரைப் பார்த்துவிட்டார். “உள்ள வாங்க, பிள்ளைங்க தள்ளி உக்காருவாங்க.”

“வேணாம், நீ நடத்து” என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். கல் சுட்டது. வகுப்பு முடிகிறவரை எழுந்திருக்கவில்லை.