ஃபேனும் டீச்சரும் ஒரே சத்தம்

காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவருக்கு வாய்தான் முதல். அதையும் பாதி நேரம் கையால் பொத்திக்கொண்டே பிழைப்பு நடத்த வேண்டும். பொத்தாவிட்டால் சொன்ன வார்த்தையைக் காதால் கேட்காமல் உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், பொல்லாத பிள்ளைகள். இதே தொழிலில் வாய் வலிக்கிறவர்களும், காதுக்குள் மெஷின் வைத்த பிள்ளையைப் பெற்றவர்களும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

நூற்றுக்கு நூறு

கும்மிடிப்பூண்டியில் என் அறையில் கார்ப்பெட் உண்டு, கனத்த திரை உண்டு, ஃபேன் கிடையாது. அங்கே ஆறு வயது பிரின்ஸியை உட்காரவைத்து, வாயைப் பொத்திக்கொண்டு இருபது வார்த்தை சொன்னேன். இருபதையும் திருப்பிச் சொன்னாள். மூன்று வயதில் ஆபரேஷன் செய்து, காக்ளியர் இம்ப்ளான்ட் என்கிற அந்தக் காது மெஷினை வைத்த பிள்ளை. நானே பெற்றுப்போட்டதுபோல் பூரித்துப்போய் அவள் அப்பா டேவிட்டிடம் மார்க்கைக் காட்டினேன். அவர் தேர்வாய் கண்டிகையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர். மார்க்கைப் பார்க்காமல் திரையைத் தடவிப் பார்த்தார்.

"எல்லாம் சரி மேடம். இந்த மாரி ரூம்பு வெளிய எங்க கீது?"

என் ஃபைலின் காது

எங்கேயும் இல்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. ஆரம்பாக்கம் பக்கம் அவள் படிக்கும் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பாடம் ஏறவில்லை, மாதக் கடைசிவரை பார்ப்போம், பிறகு விடுதியோடு இருக்கிற காது கேளாதோர் பள்ளியில் விட்டுவிடுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். விடுதி என்றதுமே டேவிட்டின் மனைவி ஸ்டெல்லா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் மார்க் இருந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே லாரி, தலைக்கு மேல் கடகடவென்று நாலு ஃபேன், கீழே நாற்பது பிள்ளைகள். டீச்சர் போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்கிறார். நம் காது வேண்டாத சத்தத்தைத் தள்ளிவிட்டு வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். இந்த மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஃபேனையும் டீச்சரையும் ஒன்றாகப் பிசைந்து ஊட்டிவிடும். இதையெல்லாம் விளக்கி, நூற்றுக்கு நூறையும் நீட்டினேன். டீச்சர் அசரவில்லை.

"உங்க ஃபைல்ல நல்லாத்தான் கேக்குது மேடம். ஃபைலையே ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுட்டுப் போங்க."

நான் சொன்ன அருமையான யோசனை

கொஞ்சம் சத்தமாகப் பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சத்தம் கூடினால் தெளிவு கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவள் நான். படித்த படிப்பு அந்த நேரம் எங்கே போயிற்றோ. ஒரு வாரம் கத்தி டீச்சருக்குத் தொண்டை போனது. பிரின்ஸி மெஷினின் வெளிப்பாகத்தைக் கழற்றி, தலையில் ஒட்டிக்கொள்ளும் அதன் காந்தத்தை ஜன்னல் கம்பியில் ஒட்டவைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"டீச்சர் கோவமாவே கீறாங்க. நான் இன்னா பண்ணேன்னு தெரில."

பிரஸ் ஷாப் வழக்கம்

டேவிட் ஷிப்ட் முடிந்து நேராக வந்தார், இயர் பிளக் கழுத்தில் தொங்கியது. கத்தச் சொன்னேன் என்றதும் சிரித்துவிட்டார். அவர்கள் ஷாப்பில் யாரும் கத்துவதில்லையாம். போய்த் தோளைத் தட்ட வேண்டும், முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், நாலு வார்த்தையில் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்லும்வரை நகரக் கூடாது. யார் போட்ட சட்டம் இது என்று கேட்டேன்.

"சட்டம்லாம் இல்ல மேடம். தப்பா கேட்டா கை பூடும்."

வாசலில் ஒரு பரீட்சை

மறுநாள் டேவிட் டீச்சருக்கு அதைச் செய்துகாட்டினார். பிரின்ஸி முன்வரிசைக்கு வந்தாள். அவள் தலைக்கு மேலிருந்த ஃபேனை நிறுத்தினோம். முன்வரிசை மொத்தமும் என்னைத் திட்டியபடி வேர்த்தது.

மாதக் கடைசியில், நானும் ஸ்டெல்லாவும் வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருக்க, ஹெட்மாஸ்டர் வந்தார். வாசலில் நின்றபடியே, சரியாக லாரி போகும் நேரத்தில், ஒரு கூட்டல் கணக்கைக் கேட்டார். பிரின்ஸி விழித்தாள். ஸ்டெல்லா கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிள்ளை எழுந்து வாசல்வரை நடந்து போய் ஹெட்மாஸ்டரின் கையைத் தட்டினாள். அவர் குனிந்தார், மறுபடி கேட்டார், அவள் கணக்கைத் திருப்பிச் சொல்லி விடையும் சொன்னாள். விடுதிப் பேச்சு அன்றோடு போயிற்று. அவரைக் குனிய வைக்க அவள் சொன்னது இதுதான்:

"சார், மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லு. நான் திருப்பிச் சொல்ற வரிக்கும் போவாத."

இப்போது கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டு, கடகடக்கிற பழைய ஃபேன் ஒன்றை என் அறையில் ஓடவிட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் பிரின்ஸி வாங்கிய நூற்றுக்கு அறுபதுதான் ஃபைலில் முதல் பக்கம்.