டக்டக் கீபோர்டும் மாடி வீட்டுக்காரரும்

பிரவுசிங் சென்டரில் வேலை என்றால் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு, வாசலைப் பார்த்துப் பயப்படத்தான் தெரியும். ஏதாவதொரு கடையில் உட்கார்ந்து யாருடைய கோபத்துக்காவது காத்திருக்கும் உங்களுக்கு அது புரியும்.

பழைய சரக்கு

மட்டாஞ்சேரியில் எங்கள் சென்டர் தொடங்கிய புதிது. மூடிப்போன கப்பல் ஆபீஸ் ஒன்றிலிருந்து முதலாளி சாபு சேட்டன் பழைய கீபோர்டுகளை வாங்கி வந்தார். சாதாரண கீபோர்டில் எல்லாப் பட்டனுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. இவற்றில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். அமுக்கினால் டக்கென்று சத்தம். எல்லா சீட்டிலும் மாட்டியதும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது.

மறுநாளே கட்டடச் சொந்தக்காரர் ஷேணாய் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பிரஷர்காரர். அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். கடை போனால் நான் பழையபடி கிடங்கில் மிளகு புடைக்கப் போக வேண்டும். எனக்கோ தூசி பட்டால் இழுப்பு. சாபு சேட்டன் பக்கத்தில் நின்றும் அவர் என்னிடம்தான் சொன்னார்: "இந்தச் சத்தம் நிக்கணும். இல்லேன்னா ஒப்பந்தம் கிடையாது."

ஓடாத சிப்பாய்

அதிகம் தட்டுகிறவன் தேவராவிலிருந்து வரும் காலேஜ் பையன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. அவன் சீட்டில் முதலில் ரப்பர் கீபோர்டை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தான். பழையதில் பாதி அமுக்கினாலே பிடித்துக்கொள்ளுமாம், இதில் அடிவரை அமுக்க வேண்டுமாம். "சேச்சி, இதுல ஓடச் சொன்னா யோசிச்சிட்டு ஓடறான், அதுக்குள்ள சுட்டுடறாங்க. பழசைத் தாங்க, இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போறேன்."

மேலே ஷேணாய் சார், எதிரே இன்னொரு சென்டர். பழையதையே கொடுத்து, அடியில் என் துண்டை மடித்து வைத்தேன்.

துபாய்க்குப் போகும் சண்டை

வைப்பினிலிருந்து படகேறி வருவாள் ஷைனி. புருஷன் துபாயில். அவனோடு சாட்டிங். ஒருநாள் அவள் தட்டிய வேகத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மாடிப்படியைப் பார்த்தேன். அவளே என்னருகில் வந்து குனிந்தாள்: "சேச்சி, சத்தம் வராதது ஒண்ணு தாங்க. இதுல சண்டை போட்டா அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி இவங்களுக்குத் தெரிஞ்சுடுது."

தேங்காயெண்ணெய்

"கத்தறது ஸ்பிரிங்தானே, எண்ணெய் விட்டாப் போச்சு" என்றார் சாபு சேட்டன். ஏசியில் என் தலை எண்ணெய் பாட்டிலே உறைந்துவிடுகிறது, வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்விட்சிலும் தேங்காயெண்ணெய்ச் சொட்டு விட்டார். என் மேஜைக்கடியில் உபரியாகக் கிடந்த ஒன்று மட்டும் தப்பியது.

சத்தம் நின்றது உண்மை. அன்று முழுக்க நிம்மதியாகச் சாயா குடித்தேன். மறுநாள் ஏசி நன்றாகக் குளிர்ந்ததும், அமுக்கிய பட்டன் எதுவும் மேலே வரவில்லை. தேவராக்காரனின் சிப்பாய் சுவரில் முட்டி, முட்டியபடியே ஓடிக்கொண்டிருந்தான். பையன் கீபோர்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேச்சி, இதை வெயில்ல காய வைக்கணுமா, கடுகு போட்டுத் தாளிக்கணுமா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம்

கடை முழுக்க ரப்பர் கீபோர்டு மாட்டியாயிற்று. ஆனாலும் ஒப்பந்தத் தேதி நெருங்க நெருங்க எனக்கு மாடிப்படி மேலேயே கண்ணாக இருந்தது. ஒரு மத்தியானம், சாபு சேட்டன் இல்லாத நேரம், படியில் செருப்புச் சத்தம். ஷேணாய் சார் நேராக வந்து முதல் சீட்டில் உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வேண்டுமாம். நாலு எழுத்து அடித்துவிட்டு நிறுத்தினார். திரையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எழுத்து விழுந்துதா இல்லையான்னு விரலுக்குத் தெரியலையே. பழசு ஒண்ணும் மிச்சமில்லையா?"

மேஜைக்கடியில் கிடந்ததை எடுத்து மாட்டினேன். மனுஷர் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர் என்று அன்றுதான் தெரிந்தது. பத்து விரலும் இறங்கியதும் அடுத்த சீட்டிலிருந்த ஷைனி காதைப் பொத்திக்கொண்டாள். முடித்து எழுந்தவரிடம், ஒப்பந்தம் என்னாயிற்று என்று கேட்டேன். படியேறிக்கொண்டே சொன்னார்: "கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தக் கீபோர்டை எனக்கு மட்டும் எடுத்துக் குடு மோளே, மத்தவங்க அடிச்சா எனக்குத் தலைவலி."

ஆகவே, கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் தங்கள் விரலைக் கேட்பதற்கு முன் மாடியில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.