இரண்டாவது டிஸ்க்

குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொன்னார்கள். அவர் பழுதுபார்த்ததெல்லாம் ஊரில் இருந்த மற்ற கட்டடங்களின் லிஃப்டுகளை. அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறும்போது யாராவது ஒருவர், “என்ன சார், உங்க லிஃப்ட் இன்னைக்கும் லீவா?” என்று கேட்பார். அவரும் தவறாமல் சிரிப்பார்.

கம்பெனியில் அவருக்கு ஊறிப்போன விதிகள் இரண்டு. கோளாறு என்று எந்தப் பாகத்தின் பெயர் திரையில் வருகிறதோ அதை மாற்ற வேண்டும், ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. கழற்றிய பாகத்தை அங்கேயே உடைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் புதியதில் கை வைக்க வேண்டும். உடைக்காமல் விட்டால் எவனாவது அதைத் துடைத்து வேறு லிஃப்டில் மாட்டிவிடுவான், ஆள் போய்ச் சேர்வான். நல்ல விதிகள்தான். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் தப்பாகப் போயிற்று.

வீட்டில், துணி அலமாரியின் கீழ்த்தட்டில், ஒரு சர்வர் வைத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் பெட்டி, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், அவ்வளவுதான். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிவாகும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். அதில் இருந்தது முழுவதும் அவர் மனைவியின் குரல்.

அவள் பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகம் ஒன்றுக்குப் புத்தகங்கள் வாசித்துக் கொடுத்துவந்தாள். படுக்கையறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மைக்குக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பாள். பதிவைச் சுத்தம் செய்வது அவர் பொறுப்பு. அவளுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. வாக்கியத்துக்கு நடுவே நிறுத்தி, “ஏங்க, அந்த மிக்சிய நிறுத்துங்க, இங்க ஒருத்தன் சாகக் கிடக்கான்” என்பாள். நீளமான பத்தி வந்தால், “இந்த ஆளுக்கு முற்றுப்புள்ளியே கிடைக்கல போலிருக்கு” என்று மூச்சு வாங்குவாள். இருமுவாள், சிரிப்பாள், தப்பாகப் படித்ததற்குத் தன்னையே திட்டிக்கொள்வாள். அவர் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். ஒரு கனைப்புகூட மிஞ்சாது. இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் தருவதில்லை என்று நூலகத்தில் சொன்னார்கள். வெட்டாத மூலப் பதிவு எதற்கும் இருக்கட்டும் என்று சர்வரில் கிடந்தது.

பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவர் அந்த மூலப் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். புத்தகத்தைத் தள்ளிவிட்டு, இடையில் அவள் பேசும் இடங்களை மட்டும் தேடிக் கேட்பார். என்ன பார்க்கிறீர்கள் என்று அவள் சைகையில் கேட்டால், மேட்ச் என்பார். அவள் முதுகுக்குப் பின்னால் அவளைப் பற்றியே பேசுவதுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சர்வர் கத்தியது. இரண்டாவது டிஸ்க், படிப்பதில் பிழை என்று திரையில் வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. கழற்றினார், பால்கனிக்குக் கொண்டுபோய் டிரில்லால் துளை போட்டார், கடைக்குப் போய்ப் புதியது வாங்கிவந்து மாட்டினார். முதல் டிஸ்கிலிருந்து எல்லாம் அதில் ஏறி முடிந்தது. நிம்மதி.

மனைவியின் தங்கை ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். போனில் பேசும்போது இதைப் பெருமையாகச் சொன்னார்.

“கேபிள மாத்திப் பாத்தீங்களா மாமா?”

“டிஸ்க் ரெண்டுன்னு பேர் போட்டே சொல்லுது பாப்பா. அப்புறம் கேபிள் எதுக்கு?”

“மாட்டிவிடுறவன் சொல்றதெல்லாம் உண்மையா? கழட்டினத மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க.”

“ஓட்டை போட்டாச்சு.”

“டிஸ்க்குக்கே காது குத்திட்டீங்களா! சரி, அக்கா பேசினது வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்கா?”

“அதான் ரெண்டு டிஸ்க் இருக்கே.”

“ரெண்டும் ஒரே பெட்டிலதான இருக்கு மாமா?”

“நீ முதல்ல உன் ஆபீஸப் பாரு” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

சில மாதம் கழித்து அதே இரண்டாவது டிஸ்கில் அதே பிழை. இந்த முறை பாப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டலுக்கு அளவிருக்காது. கடைக்காரர், “அந்தக் கம்பெனியே சரியில்ல சார், இதப் போட்டுப் பாருங்க” என்று வேறொன்றைத் தந்தார். வீட்டுக்கு வந்ததும் விதிப்படி முதலில் பழையதில் துளை போட்டார். புதியதை மாட்டினார். பதிவுகள் ஏறத் தொடங்கின.

பாதிகூட ஏறியிருக்காது. வாங்கிய நாளிலிருந்து ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த முதல் டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. தகவல் மீட்டுத் தருபவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். உள்ளே தகடு கீறிவிட்டது, ஒன்றும் தேறாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். புதிய டிஸ்கில் ஏறியிருந்த கொஞ்சமும் திறக்கவில்லை.

பாப்பா வந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒயர்களையெல்லாம் அவர் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டியிருந்தார், லிஃப்ட் குழியில் கட்டுவதுபோல, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. இரண்டாவது டிஸ்குக்குப் போகும் ஒயர் மட்டும் அந்தக் கட்டில் கொஞ்சம் இழுபட்டு, அதன் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெட்டியை ஓடவிட்டு அந்த முனையை விரலால் தொட்டாள். பிழை காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. சற்று அழுத்தினாள். அணைந்தது.

துளை போட்ட டிஸ்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். “ரெண்டும் நல்ல டிஸ்க் மாமா” என்றாள். “ஒவ்வொண்ணுலயும் எல்லாம் இருந்திருக்கும்.” கிண்டல் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நூலகத்தில் மனைவி வாசித்த அத்தனை புத்தகங்களும் பத்திரமாக இருந்தன. கேட்டவுடன் அனுப்பிவைத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். எங்காவது அசந்து வெட்டாமல் விட்டிருப்போம் என்று தேடினார். ஒரு இருமல், ஒரு ‘ஏங்க’. எங்கும் இல்லை. தன் வேலை இத்தனை கச்சிதமாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

சமையலறையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

‘புத்தகமெல்லாம் நூலகத்துல இருக்குல்ல?’ என்றன அவள் உதடுகள்.

“இருக்கு.”

‘அப்புறம் என்ன போச்சு?’

“நடுநடுவுல நீ பேசினது.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ‘அதையா வெச்சிருந்தீங்க?’

“கேட்டுட்டு இருந்தேன்.”

‘அப்ப மேட்ச்சு?’

அவர் ஒரு பீன்ஸை எடுத்து நுனியைக் கிள்ளினார். அவள் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாததால், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவர் குனிந்து முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

‘என்ன பேசினேன்? சொல்லுங்க.’

“ஒரு தடவ, ‘மழை வருது, துணிய எடுங்க’ன்னு...”

அவள் தலையை ஆட்டினாள். ‘நானா? இவ்வளவு மரியாதையாவா? “மழை வருது, துணி நனையுது, இந்த வீட்ல யாருக்காவது அக்கறை இருக்கா”ன்னு சொல்லியிருப்பேன்.’

அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். சொற்கள் சரியாகத்தான் இருந்தன.

இல்லை என்று அவள் கையை உயர்த்தினாள். ‘யாருக்காவது’ என்ற இடத்தில் அந்தக் கை மேலே ஏறியது, ‘இருக்கா’வில் வெடுக்கென்று இறங்கியது. அவர் கையையே பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கி, கையை இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து இறக்கிக் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் ஆரம்பித்தார்.