பன்னிரண்டு சுத்தமான கால்கள்

கழுவுவதற்காக நீட்டப்படும் கால் வீட்டிலேயே கழுவப்பட்டு வரவேண்டும் என்றால், கோவிலில் ஊற்றப்படும் தண்ணீர் எதற்கு? யுத்த காலத்தில் ஒரு பெரிய வியாழக்கிழமை, தாராவியில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், பித்தளைத் தாம்பாளம் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி நின்றபோது இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு விடை சொல்லும் தகுதியை அதற்கு நான்கு நாள் முன்பே நான் இழந்திருந்தேன்.

என் தந்தை தோல் கிடங்கில் வேலை செய்தார். பச்சைத் தோலிலிருந்து மயிர் கழலுவதற்காக அதைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவார்கள். அந்தக் குழியில் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்று தோல்களைப் புரட்டிப்போடுவது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நாள்முதல் அவருக்கு வேறு வேலை தெரியாது. சுண்ணாம்பு தின்ற அவருடைய கால்கள் சாம்பல் நிறத்தில், வெடிப்பு வெடிப்பாக இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்களில் ஓர் அழுகல் வாடை மிஞ்சும்.

வரிசை வீடுகளான சாலில் எங்களுக்கு ஒரே ஓர் அறை. தந்தை வேலையிலிருந்து திரும்பியதும் அம்மா அவரை வாசற்படியில் உட்காரவைத்து, ஒரு செம்பு வெந்நீரால் கால்களைக் கழுவி, வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். அதன்பின் செபமாலை. ஐம்பது மணிகளையும் முழந்தாளிட்டே சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றாலும், விருந்தாளி என்றாலும் விதிவிலக்கில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் இதனுடன் ஒருசந்தியும் சேரும். குழியில் நிற்கும் மனிதர் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உண்பார்.

நான் பி.ஏ. படித்துவிட்டு மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். கோவிலின் இளைஞர் சபைக்குச் செயலாளரும் நானே. தொழிலாளர் குடும்பங்களின் சுகாதாரம் பற்றிக் கூட்டங்களில் பேசுவேன். ஆனால் செபமாலையின்போது தந்தைக்குப் பக்கத்தில் முழந்தாளிட நேர்ந்தால், ஒவ்வொரு பிரியதத்த மந்திரத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டே சொல்வேன். பக்தியால் குரல் தழுதழுக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழன் பிற்பகலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது பாதத்தைக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டு முத்தி செய்வார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்கார வேண்டும் என்பது தந்தையின் நெடுநாள் ஆசை. வாய் திறந்து எதையும் கேட்காத மனிதர் கேட்ட ஒரே காரியம் அதுதான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று, கோவில் காரியங்களைக் கவனித்துவந்த உபதேசியார் முந்தைய வருடம் சொல்லியிருந்தார். அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்ட தந்தை, தபசு தொடங்கிய நாள்முதல் தினமும் குழாயடியில் ஒரு செங்கல் துண்டால் கால்களைத் தேய்த்துவந்தார்.

"வலது கால மட்டுந்தானப்பா கழுவுவாங்க. எடது காலுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று தங்கை கேலி செய்தாள்.

"ஒண்ணு மினுங்கி ஒண்ணு அழுக்கா இருந்தா அதுக்கு மனசு சங்கடப்படும்லா?"

"காலுக்கா?"

"பின்ன, ஒனக்கா?"

அவள் சிரித்தாள். செங்கல் பட்டு வெடிப்புகளில் ரத்தம் கசிந்திருந்ததை நானும் பார்த்தேன், பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்தபின் உபதேசியார் என்னைத் தனியே அழைத்தார். சாமியாருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே பன்னிரண்டு பெயர்களையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. பதினொரு பெயர்களைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார்.

"தம்பி, ஒங்க அப்பா பேரு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் இல்லங்கல. ஆனா சாமியார் அந்தக் காலை முத்தி செய்யணும். கொஞ்சம் நெனச்சுப் பாருங்க."

நான் நினைத்துப் பார்த்தேன். விளைவுகளை எடைபோடுவதில் எனக்குப் பெருமை உண்டு. சாமியார் முகம் சுளித்தால் தந்தைக்குத்தான் அவமானம். மற்ற மொழிக்காரர்கள் முன் தமிழர்கள் அனைவருக்கும் தலைகுனிவு. தோல் கிடங்கு ஆட்களுக்குக் கோவிலிலும் ஒரு பட்டப்பெயர் சேரும். இப்படி ஒவ்வொரு காரணமாக அடுக்கினேன்; ஒவ்வொன்றும் தந்தையின் நன்மையையே கருதுவதாகத் தோன்றியது. உபதேசியார் எதையும் கட்டளையிடவில்லை. பன்னிரண்டாவது இடத்தில் மாட்டுங்காவில் குடியிருந்த கணக்கர் ஒருவரின் பெயரை, என் பேனாவால், அழகான எழுத்தில், நான்தான் எழுதினேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்திருந்தேன். அது என்னவென்று இப்போது நினைவில்லை.

வியாழனன்று தந்தை சுட்டி என்னும் விடுப்பை அரை நாள் போட்டுவிட்டு வந்தார். அடுப்புக்கரியில் பல் தேய்த்து, குளித்து, கல்யாணத்துக்குப் போகிறவரைப் போல வேட்டியை உடுத்திக்கொண்டார். செருப்பு அணியவில்லை, சாக்குத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்து, கோவில் வாசலில் அதை அவிழ்த்து மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

உபதேசியார் பட்டியலை உரக்க வாசித்தார். ஒவ்வொருவராக எழுந்து சென்று பெஞ்சில் அமர்ந்தார்கள். தூணருகே நின்ற தந்தை, பன்னிரண்டாவது பெயர் வாசித்து முடிந்த பின்னும், பதின்மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும் என்பதுபோல உபதேசியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பாளத்தை ஏந்துவது செயலாளரின் கடமை. பன்னிரண்டு கால்களையும் மிக அருகில் பார்த்தேன். வாசனைச் சவுக்காரத்தால் கழுவி, நகம் வெட்டி வந்த கால்கள். கணக்கர் பாதத்தில் பவுடர் பூசியிருந்தார். தண்ணீர் பட்டதும் அது மாவுபோலக் கரைந்து விரலிடுக்கில் தேங்கியது. சாமியார் கரண்டியளவு நீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்தார், அடுத்தவரிடம் நகர்ந்தார். பன்னிரண்டு பேரும் முடிந்தபின் தாம்பாளத்தைப் பார்த்தேன். பவுடரின் வெண்மை சிறிது மிதந்ததைத் தவிர, தண்ணீர் வந்தபடியே இருந்தது. அடியில் பித்தளையின் பூவேலை தெரிந்தது. சுண்ணாம்புக் குழியின் வாடை எனக்கு ஒருநாளும் தராத குமட்டலை அந்தச் சுத்தமான தண்ணீர் தந்தது. அதில் என் முகமும் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது தங்கை என்னை முந்தியிருந்தாள். பட்டியலைக் கோவில் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

"அண்ணே, அது ஒன் கையெழுத்துல்லா?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "நீயா எழுதுன?"

"ஆமா."

"அப்பா பேர உபதேசியார் சொல்லலையா?"

"என்கிட்டத்தான் விட்டாரு."

அம்மா என்னை ஏசவில்லை. எட்டி நின்று மேலும் கீழும் பார்த்தாள். மார்க்கெட்டில் கெட்டுப்போன மீனைத் திருப்பிப் போடுகிறவள் பார்வை அது. பிறகு வழக்கம்போல வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். தந்தை கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கி வேண்டாம். மத்தியானமே தேச்சாச்சி."

"குழிக்குப் போயிட்டுத்தான வந்தீரு?"

"வேண்டாங்கேன்லா."

அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. தம் கால்களைத் தம் மனைவியிடம்கூட நீட்ட வெட்கப்படும் மனிதராக அவரை ஆக்கியிருந்தேன். தமிழர் மானம், தொழிலாளர் மானம் என்று நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றிலும் இந்த விளைவு இடம்பெறவில்லை.

நான் செம்பை வாங்கினேன். அம்மா உடனே விடவில்லை. ஒரு கணம் இருவரும் பிடித்திருந்தோம். தரையில் உட்கார்ந்து அவருடைய வலது காலை என் மடியில் வைத்தேன். அவர் விறைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தார். செங்கல் கிழித்த இடங்களில் வெந்நீர் பட்டபோது விரல்கள் மடங்கின. வாடை மூக்கில் ஏறியது. அன்பு பெருகி அருவருப்பை அடித்துச் சென்றது என்று எழுதினால் அது பொய். அருவருப்பு அப்படியே இருந்தது. அம்மாவுக்கும் இத்தனை வருடங்களில் அது போயிருக்காது என்பது மட்டும் அப்போது புரிந்தது. அவள் தினமும் அதே நேரத்தில் செம்பை எடுத்தாள், அவ்வளவுதான். பக்தி என்று நான் கூட்டங்களில் பேசியது எதுவும் அந்தச் செம்பின் கனம் பெறாது.

தண்ணீர் சாம்பல் நிறமாகிச் சாக்கடைக்குள் ஓடியது. இடது காலை அவராகவே நீட்டினார். முத்தி செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. எண்ணெய் தடவினேன்.

"விளக்கேத்துட்டி, செபமாலைக்கு நேரமாச்சி," என்று அவர் தங்கையிடம் சொன்னார். என்னுடன் அவர் பேசப் பல நாட்கள் ஆயின.

ஈஸ்டர் கழிந்ததும் சபையின் செயலாளர் பொறுப்பை விட்டேன். தந்தை அதன்பின் எந்த வருடமும் பெரிய வியாழனன்று சுட்டி போடவில்லை. அவர் தோல் கிடங்கை விட்டு நிற்கும்வரை, மாலையில் அவர் கால்களை நான் கழுவினேன். செபமாலையில் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.