லங்காவியில் கலியன் ஓட்டிய கார்

கலியன் சவரம் செய்துகொண்டிருந்தான். இடது கையால் முதலாளியின் தாடையைப் பிடித்திருந்தான். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது ரேசரை எடுத்துவிடுவான், நிமிர்ந்ததும் ஒரு இழுப்பு இழுப்பான். உப்பில் கிடந்த கை. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. அந்தக் கையால் ஒரு கீறல் படாமல் முடித்துவிட்டான். எனக்குப் பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரியில் ஆடாத தரையில் நின்றுகொண்டே இதைவிட மோசமாகச் செய்தவர்கள் உண்டு.

கலியன் எனக்குத் தம்பி வயசு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

முதலாளி என்பது சிவப்பிரகாசம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தார், பஸ் போகிற சாலையில் சிமெண்ட் கடையும் வைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு 2005-ல் கடலோரம் முழுக்க வீடு கட்டினார்கள். சிமெண்ட் மூட்டை கடையில் தங்கவில்லை. அதிகம் விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி சிங்கப்பூரிலிருந்து கப்பலில் நாலு நாள் தீவுகளைச் சுற்றிப்பார்க்க அனுப்பியது. கடைக்கு இரண்டு டிக்கெட். ஆனால் அதற்குள் முதலாளிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. போகக் கூடாது என்று மகன் சொன்னார். "கால்தான் போச்சு, கண்ணு இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். தூக்கி உட்கார வைக்கக் கலியன், மருந்துக்கும் மற்றதுக்கும் நர்ஸாக நான். என் டிக்கெட்டை மகன் எடுத்தார்.

கலியன் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கந்தாடு ஊர்க்காரன். பதிமூன்று வயதில் உப்புக் கூடை சுமக்க வந்தவன், முப்பது வயதில் லாரி பிடித்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உப்பு லாரி டிரைவர்களில், கூடை சுமக்கிற பெண்கள் மரியாதை வைத்திருந்தது இவன் ஒருவனிடம்தான். மற்றவர்கள் லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சுமந்து வாங்க என்பார்கள். சுமக்கிறவளுக்குக் கூடைக்குத்தான் கூலி. நடக்கிற தூரம் எல்லாம் அவள் கழுத்தில். கலியன் அப்படி விடமாட்டான். காய்ந்த பாத்தியைக் குதிங்காலால் நாலு இடத்தில் உதைத்துப் பார்த்துவிட்டு, ரிவர்ஸிலேயே வந்து உப்பு அம்பாரத்தின் காலடியில் நிறுத்துவான். பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட வண்டி புதைந்ததில்லை. அந்தப் பழக்கம்தான் லங்காவியில் எங்களைக் கெடுத்தது.

2006 பிப்ரவரி. காலை ஒன்பது மணிக்குக் கப்பல் மலேசியாவின் லங்காவித் தீவில் நின்றது. ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும், ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். பாஸ்போர்ட் எல்லாவற்றையும் முதல் நாளே அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எங்கள் கையில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டைதான்.

மற்ற கடைக்காரர்கள் பஸ்ஸில் போனார்கள். பஸ் படி முதலாளிக்கு ஆகாது. கப்பல் நிற்கிற ஜெட்டி வாசலில் வாடகைக் கார் கொடுக்கிறவர்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் தமிழர், தட்சணாமூர்த்தி என்று பெயர்.

"எங்கேருந்து வர்றீங்க அண்ணே?"

"மரக்காணம். பாண்டிச்சேரி பக்கம்."

"எங்க தாத்தா திண்டிவனம் பக்கம்தான்னு சொல்வாங்க."

"அப்போ நம்ம ஊர்தான். பெட்ரோல் இருக்குதா?" என்றான் கலியன்.

அவர் சிரித்துவிட்டு, லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தார். சாவி வளையத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

நன்றாகவே சுற்றினோம். ரப்பர் தோட்டம், மலை, தூரத்தில் ஒரு அருவி. முதலாளி முன்சீட்டில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். நடுவில் வயல் வந்தது.

"மொதலாளி, இங்கியும் எருமை இருக்குது."

"எருமை பார்க்கவாடா ஏரோப்ளேன் ஏறினேன்? கடலைக் காட்டு."

"ரெண்டு நாளா கடல் மேலதானே கெடக்குறோம்?"

"அது மாடியிலேருந்து பார்க்கிறது. நான் காலை நனைக்கணும்."

தீவின் மறுபக்கம் ஒரு கடற்கரைக்கு வந்தபோது மணி இரண்டு. சாலையோரம் ஒரு அம்மாள் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். கடல் வெகு தூரத்தில் இருந்தது. நடுவில் வெள்ளையாக, தட்டையாக, உப்புப் பூத்தது போலத் தரை. படகுகள் அங்கங்கே சாய்ந்து கிடந்தன. கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தோம். எங்கள் கடல் நாலு எட்டு உள்ளே போகும், நாலு எட்டு வெளியே வரும், அவ்வளவுதான். தினம் இரண்டு வேளை அரை மைல் போய்த் திரும்புகிற கடலை நாங்கள் கண்டதில்லை. இது பின்வாங்கிய கடல் என்று தெரிந்திருந்தால் மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்போம். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான்.

கலியன் இறங்கி, குதிங்காலால் நாலு இடத்தில் உதைத்தான். கெட்டியாக இருந்தது.

"நம்ம பாத்தி மாதிரியே இருக்குது நர்ஸம்மா. தண்ணிகிட்டயே கொண்டுபோய் நிறுத்திடறேன். மொதலாளி ஏன் நடக்கணும்?"

நானும் சரி என்றுதான் சொன்னேன்.

நூறு அடி போனோம். மேல்தோல் உடைந்து முன்சக்கரம் இறங்கியது. ரிவர்ஸ் போட்டதும் பின்சக்கரமும் இறங்கியது. எங்கள் பாத்தி வருஷக்கணக்கில் மிதித்து மிதித்துக் கெட்டித்த களிமண். இது வெறும் சேறு, மேலே விரற்கடை மணல்.

முதலில் முதலாளியை எடுத்தோம். கலியன் அவசரத்தில் வலது கையைப் பிடித்து இழுக்கப் போனான்.

"தோள் கழன்றுடும். சொல்லிக்கொடுத்த மாதிரி தூக்கு" என்று அதட்டினேன். கையை மடியில் மடித்து வைத்து, முழங்காலுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி வந்து வாழைப்பழக் கடை பெஞ்சில் உட்கார வைத்தான்.

கடைக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. சாவி வளையத்தைக் காட்டி, காதில் கை வைத்துக் காட்டினேன். அவள் தன் செல்போனிலேயே நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

தட்சணாமூர்த்தி கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஏறுதாம்மா?"

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் சாய்ந்து கிடந்த படகு ஒன்று நிமிர்ந்துகொண்டிருந்தது.

"ஏறுது."

"ஐயோ. நாலரைக்கு அங்க ஆள் உயரம் நிக்கும். ஜீப் எடுத்துட்டு வரேன். எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்."

இரண்டே கால் மணி. ஜெட்டிக்குத் திரும்ப முக்கால் மணி நேர ஓட்டம். அந்தப் பக்கம் ஒரு டாக்சியும் இல்லை. கப்பல் போய்விட்டால் பாஸ்போர்ட் இல்லாமல், பாதி உடம்பு விழுந்த மனிதரோடு, அந்நிய தேசத்தில் நிற்க வேண்டும். இதைக் கலியனிடம் நான் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும், முகம் வெளுத்திருந்தது.

ஆனால் அவன் சும்மா நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். காருக்குக் கடல் பக்கமாகச் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு வரப்புக் கட்ட ஆரம்பித்தான். கையால் அள்ளுவது, காலால் மிதிப்பது, மேலே இன்னொரு வரிசை. இரண்டு பக்கமும் வளைத்து லாடம் மாதிரி கொண்டுவந்தான். உப்பளத்தில் மழைத் தண்ணீரைத் தடுக்க வருஷா வருஷம் செய்கிற வேலைதான்.

முதலாளி பெஞ்சிலிருந்து கத்தினார். "டேய் கலியா! விட்டுட்டு வாடா! அந்தாளு ஜீப்புலயே போயிடலாம்!"

"அதுக்குள்ள கார் முழுகிடும் மொதலாளி. நான் எறக்கினேன், நான்தான் ஏத்தணும்."

"கப்பல் போயிடும்டா!"

"போனா நீந்திப் போலாம். உங்களுக்கு ஒரு கை இருக்குது, எனக்கு ரெண்டு இருக்குது."

"பார்த்தீங்களா நர்ஸம்மா, திமிரை!"

தண்ணீர் வரப்பைத் தொட்டது, உயர்ந்தது. வரப்பும் உயர்ந்தது. கடைக்கார அம்மாள் ஒரு பக்கெட்டோடு போய், ஊறி வந்த தண்ணீரை இறைத்து ஊற்றினாள். சிரித்துக்கொண்டேதான் செய்தாள்.

மூன்றேகாலுக்குத் தட்சணாமூர்த்தி வந்தார். சுற்றிலும் முழங்கால் தண்ணீர், நடுவில் வரப்புக்குள் கார்.

"என்ன அண்ணே, காடிக்கு அணை கட்டிட்டீங்களா?" காரை அங்கே காடி என்கிறார்கள்.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க. கயிறு நீளமா இருக்குதா?"

இருந்தது. ஜீப் சாலையிலேயே நின்று இழுத்தது. முதல் தடவை கயிறு நழுவியது. இரண்டாவது தடவை கார் அசைந்து திரும்ப உட்கார்ந்தது. கலியன் கடையிலிருந்த இரண்டு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, மார்பைக் கொடுத்துத் தள்ளினான். மூன்றாவது இழுப்பில் வந்துவிட்டது. அப்போது நாலு மணி ஐந்து நிமிஷம்.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறச் சொன்னார் தட்சணாமூர்த்தி. வழியெல்லாம் வண்டியைப் பறக்கவிட்டபடி, "இனிமே மரக்காணத்துக்காரங்களுக்குச் சாவி கொடுக்க மாட்டேன் லா" என்று அந்த ஊர் இழுப்போடு சொன்னார்.

"கொடுக்காதீங்க. நானும் லாரிச் சாவியைப் புடுங்கிக்கலாமான்னுதான் பார்க்கிறேன்" என்றார் முதலாளி.

கலியன் டாஷ்போர்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜெட்டி. காலையில் அங்கே விட்டுப்போன சக்கர நாற்காலியில் முதலாளியை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கப்பல் வாசலில் நின்ற காவலாளி மார்பு வரை சேறாக வந்தவனைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். பிறகு ஒரு குழாயைக் கொண்டுவந்து நிற்க வைத்தே தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். அட்டையை மெஷினில் காட்டியதும் அது ஒரு சத்தம் கொடுத்தது. உள்ளே வந்து கலியன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாடி பிடித்துப் பார்த்தேன், நூற்றுப் பத்து. சர்க்கரை போட்ட டீ கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது.

முதலாளி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வாயின் வலது ஓரம் மூடாததால் டீயெல்லாம் சட்டையில். துடைத்துவிட்டு, மாத்திரையைக் கொடுத்தேன். ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. அன்று நாங்கள் மூவரும் படுத்ததுதான் தெரியும்.

மறுநாள் காலை வேறொரு தீவு. எல்லாரும் இறங்கினார்கள்.

"நான் எறங்கலைங்க" என்றான் கலியன்.

"நான் மட்டும் எறங்கித் தவழ்ந்து போகவா?" என்று கேட்டுவிட்டு, முதலாளியும் மேல்தளத்திலேயே இருந்துகொண்டார்.

கலியனின் உள்ளங்கால் சிப்பி கிழித்து ரணமாயிருந்தது. களிம்பு வாங்க நான் தனியாக இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். கப்பல் சாயங்காலம்தான் கிளம்பும். களிம்பும் கொஞ்சம் பஞ்சும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் காவலாளிக்குப் பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தான் கலியன்.

"என்னா நர்ஸம்மா, பதினோரு நிமிஷம் லேட்டு" என்றான்.

அங்கேயே உட்கார வைத்து, காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன்.